போனுக்குள்ளே: அழுக்குக் குழாயும் அழிக்க மறந்த ஒரு டிக்கும்

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களிடம் ‘பைப்’ என்று சொன்னால், முதலில் நினைவுக்கு வருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்தான். கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு கலந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு, 2013-ல் அந்தக் குழாயில் காவிரித் தண்ணீர் வந்தது. அங்கே பம்ப் செய்யப்படும் தண்ணீர் நேராகத் தெருக்குழாய்க்கு வந்துவிடுவதில்லை. நடுவில் ஒரு மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. பம்ப் ஓடும் நேரம் வேறு, நீங்கள் குடம் வைக்கும் நேரம் வேறு. இரண்டுக்கும் நடுவில் தண்ணீரைப் பிடித்துவைக்க ஓர் இடம் வேண்டும் அல்லவா?

கம்ப்யூட்டர் மொழியில் அந்தத் தொட்டிக்குப் பெயர் பஃபர்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இப்படிக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றுக்குப் பெயரே ‘பைப்’தான்! ஒரு ப்ரோகிராம் ஒரு முனையில் டேட்டாவை ஊற்றும், இன்னொரு ப்ரோகிராம் மறுமுனையில் பிடித்துக்கொள்ளும். 1973-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், டக் மெக்கில்ராய் விடாமல் வலியுறுத்த, கென் தாம்ப்சன் யூனிக்ஸில் எழுதிச் சேர்த்த வசதி இது. ஐம்பது ஆண்டுகள் ஆகியும் லினக்ஸ், ஆண்ட்ராய்டு என எல்லாவற்றிலும் இருக்கிறது. இந்தக் குழாய்களை மேய்ப்பது கெர்னல். ஆப்புகளுக்கும் போனின் சிப்புக்கும் நடுவில் உட்கார்ந்து, யாருக்கு எதைத் தரலாம், யார் எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்கிற மையப் பகுதி அது. ஆண்ட்ராய்டுக்கும் லினக்ஸ் கெர்னல்தான் அடிப்படை. அரசுப் பள்ளிகளில் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் ‘பாஸ்’ என்று ஒன்று இருந்ததே, சென்னை சி-டாக் உருவாக்கியது, அதற்கும் இதே கெர்னல்தான்.

இந்தக் குழாயின் பஃபரை எளிமையாக்குவதற்காக 2020-ல் ஒரு நல்ல மாற்றம் செய்தார்கள். அதனால் வந்த வினை என்ன, அது எப்படிப் பிடிபட்டது என்பதுதான் இந்த வாரக் கதை.

திறக்காத ஃபைல்

ஜெர்மனியில் மேக்ஸ் கெல்லர்மேன் என்று ஒரு ப்ரோகிராமர். வெப்சைட்களை நடத்தித் தரும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் வேலை. 2021 ஏப்ரல் கடைசியில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வருகிறது. “உங்களிடமிருந்து டவுன்லோடு செய்த லாக் ஃபைல் திறக்கவில்லை.”

லாக் என்பது வெப்சைட்டுக்கு யார் யார் எப்போது வந்தார்கள் என்கிற வருகைப் பதிவேடு. தினமும் ஒரு ஃபைல். இடம் மிச்சமாக அதை ஜிஜிப் என்ற முறையில் சுருக்கி வைப்பார்கள். அப்படிச் சுருக்கிய ஃபைலின் கடைசி எட்டு பைட்டில் சரிபார்ப்பு எண்ணும், ஃபைலின் அளவும் இருக்கும். மூட்டை கட்டிய பிறகு வாயில் வைக்கிற முத்திரை மாதிரி. பிரிக்கும்போது கணக்கு ஒத்துவராவிட்டால், ‘ஃபைல் கெட்டுப்போயிற்று’ என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும்.

கெல்லர்மேன் பார்த்தார். உள்ளே டேட்டா நன்றாகத்தான் இருந்தது, முத்திரை மட்டும் தப்பு. கையாலேயே சரிசெய்து கொடுத்துவிட்டு, புகாரை முடித்து வைத்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சில மாதம் கழித்து அதே புகார் மறுபடியும் வந்தது. பிறகு இன்னொரு தடவை. ஒவ்வொரு முறையும் உள்ளே டேட்டா சுத்தம், கடைசி எட்டு பைட் மட்டும் காலி.

பெரும்பாலான ஆபீஸ்களில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். “ஹார்டுடிஸ்க் பழசாயிடுச்சு, மாத்திடுங்க” என்று ஒரு மெயில் போகும், கதை முடிந்துவிடும். கெல்லர்மேன் அப்படி விடவில்லை. சர்வரில் இருந்த பழைய லாக் ஃபைல்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கெட்டுப்போனவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தார்.

இரண்டு விஷயங்கள் தென்பட்டன. கெட்ட ஃபைல்களில் பெரும்பாலானவை மாதத்தின் கடைசித் தேதிக்கு உரியவை. அடுத்தது இன்னும் விசித்திரம்: அழிந்துபோன எட்டு பைட் இருந்த இடத்தில் குப்பை இல்லை. எல்லா ஃபைலிலும் ஒரே எட்டு பைட், அதுவும் பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கியது!

ஜிப் ஃபைல்களோடு பழகியவர்களுக்கு அந்த இரண்டு எழுத்தும் பரிச்சயம். ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் கட்ஸின் இனிஷியல் அது. அதாவது, இன்னொரு ஜிப் ஃபைலுக்குள் போக வேண்டிய எழுத்துகள், வழிதவறி லாக் ஃபைலின் வாலில் போய் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த ஜிப் எது என்பது புரியக் கஷ்டப்படவில்லை. வாடிக்கையாளர் ‘மாதம் முழுவதுக்குமான லாக் வேண்டும்’ என்று கேட்டால், தினசரி ஃபைல்களை எல்லாம் வரிசையாகச் சேர்த்து ஒரே ஜிப்பாக அனுப்புகிற ஒரு ப்ரோகிராம் அங்கே இருந்தது. கடைசித் தேதியின் ஃபைலை அனுப்பி முடித்ததும், ஜிப்பின் பொருளடக்கத்தை எழுதும். அந்தப் பொருளடக்கம்தான் அந்த எட்டு பைட்டோடு தொடங்குகிறது. மாதக் கடைசி மர்மம் இப்படி அவிழ்ந்தது.

ஆனால், பெரிய கேள்வி அப்படியே நின்றது. அந்த ப்ரோகிராமுக்கு லாக் ஃபைல்களை வாசிக்க மட்டும்தான் அனுமதி. எழுத அனுமதியே கிடையாது! அது முயற்சி செய்தாலும் கெர்னல் விடாது. பிறகு எப்படி எழுதியது?

மிச்சமிருந்த ஒரே சந்தேகம், கெர்னலின் மேல். இதைச் சொல்ல எந்த ப்ரோகிராமருக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கும். கோடிக்கணக்கான கருவிகளில் ஓடுகிற ஒன்றைத் தப்பு என்று சொல்வதற்கு முன், தன் கோடைத்தான் பத்துத் தடவை பார்க்கத் தோன்றும். அவரும் பார்த்தார். கடைசியில், சில வரிகளே உள்ள இரண்டு குட்டி ப்ரோகிராம்களை எழுதினார். ஒன்று, ஒரு ஃபைலில் ‘ஏ ஏ ஏ’ என்று எழுதிக்கொண்டே இருக்கும். மற்றொன்று அந்த ஃபைலை வாசித்துக் குழாய்க்குள் அனுப்பிவிட்டு, குழாய்க்குள் மட்டும் ‘பி பி பி’ என்று எழுதும். ஃபைலைத் திறந்து பார்த்தால், அதில் ‘பி’ இருந்தது.

அன்றைக்குத் தேதி 2022 பிப்ரவரி 19.

அசல் பதிவேடும் பதினாறு அட்டைகளும்

நடந்தது என்ன என்று புரிய, பென்னாகரத்தில் ஒரு தாலுகா ஆபீஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குத் தகவல் அனுப்ப, பதினாறு பரீட்சை அட்டைகள் வட்டமாகச் சுற்றி வருகின்றன. அட்டையில் ஒரு தாளை க்ளிப் செய்து, எழுதி அனுப்பினால், அடுத்த பிரிவு வாசித்துவிட்டு அட்டையைத் திருப்பி அனுப்பும். அட்டை மறுபடியும் வட்டத்துக்குள் வரும். லினக்ஸ் பைப்பும் அச்சாக இப்படித்தான். வழக்கமாக 16 அட்டைகள், ஒவ்வொரு தாளிலும் 4,096 பைட் பிடிக்கும். மொத்தம் 64 கேபி.

ஒரு க்ளார்க் பத்து வரி எழுதிவிட்டுப் போகிறார், தாளில் பாதி இடம் மிச்சம். அடுத்தவருக்கு ஐந்து வரிதான் எழுத வேண்டும். புதுத்தாள் எதற்கு? அதிலேயே தொடர்ந்து எழுதலாமே! நல்ல சிக்கனம். கெர்னலும் இதைச் செய்கிறது.

இன்னொரு சிக்கனமும் உண்டு. அடங்கல் பதிவேட்டில் இருக்கும் ஒரு பக்கத்தை அனுப்ப வேண்டும். உட்கார்ந்து நகல் எடுக்காமல், அசல் பக்கத்தையே அட்டையில் க்ளிப் செய்து, “முதல் பத்து வரி மட்டும் வாசிக்கவும்” என்று குறிப்பு வைத்து அனுப்பிவிட்டால் வேலை மிச்சம். லினக்ஸில் இதற்கு ஸ்ப்ளைஸ் என்று பெயர். ஃபைலின் பக்கங்களை கெர்னல் எப்படியும் மெமரியில் வைத்திருக்கிறது. அதே பக்கத்தைக் குழாய்க்குள் சுட்டிக்காட்டிவிட்டால், நகல் எடுக்கும் நேரம் மிச்சம். வேகம் கூடும், பேட்டரி மிச்சமாகும்.

இரண்டு சிக்கனமும் தனித்தனியே நல்லவை. ஆனால், ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. அசல் பக்கம் க்ளிப் ஆகியிருக்கும்போது, ‘மிச்ச இடத்தில் தொடர்ந்து எழுதலாம்’ என்ற சிக்கனம் வேலை செய்யக்கூடாது. செய்தால், அடுத்த க்ளார்க் எழுதுவது வெற்றுத்தாளில் அல்ல, யாரோ ஒருவரின் நிலக் கணக்கின் மேல்!

முன்பு இதற்குப் பாதுகாப்பு இருந்தது. ஒவ்வொரு தாளோடும் ஒரு விதிமுறைச் சீட்டு வரும். தொடர்ந்து எழுதக்கூடிய தாளுக்கு ஒரு சீட்டு, எழுதக்கூடாத தாளுக்கு ஒன்று, மொத்தமாகவே அனுப்ப வேண்டிய பொட்டலத்துக்கு ஒன்று. அசல் பதிவேட்டுப் பக்கத்துக்குத் தனிச்சீட்டு. தாளை மாற்றும்போது சீட்டையும் மாற்றியே ஆக வேண்டும், மாற்றாவிட்டால் அட்டையே நகராது. அதனால் மறக்க வாய்ப்பில்லை.

அட்டையின் மூலையில் பென்சிலால் டிக் போடுகிற சில கட்டங்களும் இருந்தன. சின்னச் சின்னக் குறிப்புகளுக்கு.

2016-ல், லினக்ஸின் 4.9 பதிப்புக்காகக் குழாய்க் கோடில் ஒரு புதுப்பகுதி சேர்த்தார்கள். அதில் இரண்டு இடங்களில், அட்டைக்குப் புதுப்பக்கம் மாட்டும்போது சீட்டை மாற்றினார்கள், வரி எண்ணை மாற்றினார்கள், பழைய பென்சில் டிக்கை மட்டும் அழிக்கவில்லை. தவறுதான். ஆனால், அந்த டிக் கட்டங்களில் அப்போது ஆபத்தான எதுவும் இல்லை. அழிக்காவிட்டால் என்ன, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்கு வருடம் அது அப்படியே கிடந்தது.

2020-ல் கிறிஸ்டோஃப் ஹெல்விக் என்ற கெர்னல் டெவலப்பர் இந்த இடத்தைச் சுத்தம் செய்தார். அந்த மூன்று விதிமுறைச் சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தால், மூன்றிலும் ஒரே வாசகம்! எது எந்த வகை என்று அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே மூன்று சீட்டு. அது எதற்கு? ஒரே சீட்டு போதும். ‘தொடர்ந்து எழுதலாம்’ என்பதற்குப் பென்சில் கட்டங்களில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்துவிட்டால் முடிந்தது. கோடு சிறியதாகும், படிப்பவருக்கும் எளிது. மாற்றம் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2020 ஆகஸ்டில் வந்த 5.8 பதிப்பில் சேர்ந்தது.

இதில் குறை சொல்ல எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே வாசகத்தோடு மூன்று சீட்டு வைத்திருப்பதுதான் தப்பு. நாளைக்கு ஒன்றைத் திருத்துகிறவர் மற்ற இரண்டையும் திருத்த மறப்பார். கெர்னல் போன்ற பிரமாண்டமான கோடில், இப்படி ஒதுக்கித் துடைத்துக்கொண்டே இருந்தால்தான் அடுத்த தலைமுறை அதைப் படிக்க முடியும். அவருடைய மாற்றத்தைத் தனியாக எடுத்து எத்தனை முறை பார்த்தாலும் அதில் தவறு தெரியாது.

விஷயம் என்னவென்றால், அதுவரை துரும்பாக இருந்த பென்சில் கட்டத்தின் மேல் அன்றைக்கு ஒரு பெரிய அதிகாரம் வந்து உட்கார்ந்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன்னால், வேறு ஃபைலில், இரண்டு இடங்களில் அந்தக் கட்டத்தை அழிக்காமல் விட்டிருந்தார்கள். அன்று முதல், வட்டத்தில் சுற்றிவரும் ஓர் அட்டையில் முந்தைய தாளுக்குப் போட்ட ‘தொடர்ந்து எழுதலாம்’ டிக் அழியாமல் இருந்து, அதில் அசல் பக்கம் மாட்டப்பட்டால், அடுத்து எழுதுவது அசலின் மேல் விழும்.

அந்த ஜெர்மன் சர்வரில் அப்படித்தான் விழுந்தது. ஜிப்புக்குத் தினசரி ஃபைலின் முத்திரை தேவையில்லை, ஜிப்புக்கென்று தனி முத்திரை உண்டு. அதனால் கடைசி எட்டு பைட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஸ்ப்ளைஸ் செய்து அனுப்புவார்கள். அடுத்து எழுதிய பொருளடக்கம், அந்த விட்டுவைத்த எட்டு பைட்டின் மேல் நேராகப் போய் உட்கார்ந்தது. எட்டுக்கு மேல் ஏன் போகவில்லை? ஃபைலே அங்கே முடிந்துவிடுகிறது. ஏன் எப்போதாவது மட்டும் நடந்தது? அந்தந்த அட்டையில் பழைய டிக் இருந்தால்தானே நடக்கும்!

யார் வேண்டுமானாலும் எழுதலாம்

லாக் ஃபைல் கெட்டது சின்ன விஷயம். கெல்லர்மேனுக்குத் தூக்கத்தைக் கெடுத்திருக்கக்கூடியது அடுத்த யோசனைதான். தற்செயலாக நடப்பதை, வேண்டுமென்றே நடத்தினால்?

முடியும் என்று தெரிந்தது. குழாயின் எல்லா அட்டைகளிலும் முதலில் டிக் போட்டு நிரப்பிவிட்டு, காலி செய்துவிட்டு, பிறகு எந்த ஃபைலை வேண்டுமானாலும் ஸ்ப்ளைஸ் செய்து அதன் மேல் எழுதலாம். வாசிக்கும் அனுமதி மட்டும் இருந்தால் போதும். கம்ப்யூட்டரில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்ற ஃபைலை எல்லோரும் வாசிக்கலாம். அதில் இரண்டு எழுத்தை மாற்றினால், மொத்தக் கம்ப்யூட்டரும் கைக்கு வந்துவிடும். எழுதவே முடியாதபடி பூட்டிவைத்த ஃபைலும் தப்பாது. ஒரு பக்கத்தின் முதல் பைட்டை மாற்ற முடியாது, ஃபைலின் நீளத்தைக் கூட்ட முடியாது என்று சில வரம்புகள் உண்டு, அவ்வளவுதான். மெமரியில் இருக்கும் பக்கம் மாறியதே கெர்னலுக்குத் தெரியாது என்பதால், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் தடயமும் மறைந்துபோகலாம்.

பிப்ரவரி 20 அன்று, திருத்தத்தையும் சேர்த்தே லினக்ஸ் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினார். திருத்தம் மொத்தமே இரண்டு வரி. மறந்துபோன இரண்டு இடங்களில், ‘கட்டத்தைச் சுழியமாக்கு’ என்று ஒவ்வொரு வரி. அடுத்த நாள், அப்போது புத்தம்புதிதாக இருந்த கூகுளின் பிக்ஸல் 6 போனிலும் இதே ஓட்டை இருப்பதை உறுதிசெய்து கூகுளுக்குச் சொன்னார். 23-ம் தேதி திருத்திய லினக்ஸ் பதிப்புகள் வந்துவிட்டன. 24-ம் தேதி கூகுள் தன் ஆண்ட்ராய்டு கெர்னலில் சேர்த்துக்கொண்டது. எல்லோருக்கும் அவகாசம் கொடுத்த பிறகு, மார்ச் 7 அன்று விஷயத்தை ஊருக்குச் சொன்னார். பெயர், டர்ட்டி பைப். அழுக்குக் குழாய்!

புகார் வந்து திருத்தம் வரை பத்து மாதம். ஓட்டை என்று தெரிந்த பிறகு, நான்கே நாள்.

அப்டேட் போடலாமா, வேண்டாமா?

லினக்ஸில் நான்கு நாளில் திருத்திவிட்டாலும், அது போன் கம்பெனி வழியாக உங்கள் கைக்கு வர வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும். வந்த பிறகும், நீங்கள் ‘இன்ஸ்டால்’ அழுத்த வேண்டும். அங்கேதான் சிக்கல்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்த மொபைல் சர்வீஸ் கடைக்குப் போனாலும், இந்தப் பேச்சு காதில் விழும்.

“அண்ணா, அப்டேட் வந்துட்டே இருக்கு. போட்டுடலாமா?”

“வேணாம் தம்பி. போட்டா போன் ஸ்லோ ஆயிரும். நல்லா ஓடுற வரைக்கும் ஓட்டு.”

கடைக்காரர் சொல்வதில் அனுபவம் இருக்கிறது. பெரிய வெர்ஷன் மாறும்போது பழைய போன்கள் திணறுவது உண்மைதான். ஆனால், மாதாமாதம் வருகிற ‘செக்யூரிட்டி அப்டேட்’ வேறு ரகம். அதில் புது வால்பேப்பரும் இல்லை, புது ஐகானும் இல்லை. டர்ட்டி பைப்புக்கான இரண்டு வரி மாதிரியானவைதான் இருக்கும். அதனால்தான் அதைப் போட்ட பிறகு எதுவும் மாறினமாதிரியே தெரிவதில்லை.

உங்கள் போன் இதில் சிக்கியதா என்று நீங்களே பார்க்கலாம். செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’, அதற்குள் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ பகுதியில் ‘கெர்னல் வெர்ஷன்’ என்று ஒரு வரி இருக்கும். 4-ல் ஆரம்பித்தாலோ, 5.4 என்று இருந்தாலோ, இந்தக் குறிப்பிட்ட ஓட்டை உங்களுக்கு இல்லை. போன்கள் பெரும்பாலும் பிறக்கும்போது எந்த கெர்னல் வரிசையோ, கடைசிவரை அதிலேயே ஓடும். அதனால் 2022-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஆசையாக வாங்கிய பிக்ஸல் 6, கேலக்ஸி எஸ்22 போன்ற விலை உயர்ந்த புதுப் போன்கள் 5.10 கெர்னலோடு வந்து மாட்டிக்கொண்டன. மூன்று வருடப் பழைய பட்ஜெட் போன்கள் தப்பித்துவிட்டன! இதைச் சொன்னதும், ‘பார்த்தாயா, பழசே பாதுகாப்பு’ என்று யாராவது ஆரம்பிக்கலாம். அந்தப் பழைய போன்களில் வேறு ஓட்டைகள் இருக்கின்றன, பலவற்றுக்கு அப்டேட் வருவதே நின்றுவிட்டது.

5.10 அல்லது 5.15 என்று இருந்தால், அதே பகுதியில் ‘செக்யூரிட்டி பேட்ச்’ தேதியையும் பாருங்கள். 2022 நடுப்பகுதிக்குப் பிந்தைய தேதியாக இருந்தால் கவலை வேண்டாம். இன்னொன்று: இந்த ஓட்டையைப் பயன்படுத்த, கெட்ட ஆப் ஒன்று முதலில் உங்கள் போனுக்குள் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், கரன்ட் பில் என்றும் வருகிற இன்ஸ்டாலர் ஃபைல்களைத் தொடாதவர்களுக்கு, பாதிக் கவலை அப்போதே குறைந்துவிடும். இப்படி ஓட்டை போடுகிறவர்கள் கற்பனை அல்ல. நிஜத்தில் பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலில் டர்ட்டி பைப்பையும் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரலில் சேர்த்தது.

கெர்னல்காரர்கள் அந்த இரண்டு வரியோடு நிற்கவில்லை. 2016-ல் சேர்த்த அந்தப் புதுப்பகுதியே தேவைதானா என்று பிறகு யோசித்தார்கள். ஸ்ப்ளைஸ் வேலையை வேறு விதமாக எழுதி, 2023-ல் வந்த 6.5 பதிப்பில் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். டிக்கை அழிக்க மறந்த அந்த இரண்டு இடங்களும் இப்போது லினக்ஸில் இல்லை.